ஒரு போத்தல் எண்ணெயின் பாரம்

புனலுக்குள் தேங்காயெண்ணெய் இறங்கும்போது முதலில் "களக்" என்று ஒரு சத்தம் வரும், பிறகு சத்தமே இருக்காது, போத்தலின் கழுத்துவரை மஞ்சளாக ஏறிவந்து நிற்கும். இடம்பெயர்ந்திருந்த நாங்கள் ஊருக்கு, தர்மபுரத்துக்குத் திரும்பிவந்து, வீட்டு விறாந்தையில் அம்மா கடை போட்ட காலம் அது. எனக்குப் பன்னிரண்டு வயது.

எண்ணெயை எல்லோரும் போத்தல் கணக்கில்தான் வாங்கினார்கள். ஆலைக்காரர் கிலோக் கணக்கில் தரத் தொடங்கியதும் அம்மா ஒரு தராசு வாங்கினார். ஆனாலும் பழக்கப்பட்டவர்களுக்குப் போத்தலை நிரப்பியே கொடுத்தார். அவர்களில் ஒருவர் தெய்வானை அக்கா. மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பரந்தன் பஸ் தரிப்பிடத்தில் வடை சுட்டு விற்பவர்.

ஒருநாள் காலை, கடையில் ஐந்தாறு பேர் நிற்கையில், அவர் நிரம்பிய போத்தலை மேசையில் வைத்தார்.

"அக்கா, போத்தலிலை எழுநூற்றைம்பது எண்டு கிடக்கு. பரந்தனிலை நிறுத்துப் பாத்தன். வெறும் போத்தலைக் கழிச்சா அறுநூற்றுத் தொண்ணூறு கிராம்தான் வருது. மிச்சம் எங்கை?"

அம்மா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். போத்தல் கழுத்துவரை நிரம்பியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஆனால் அறுநூற்றுத் தொண்ணூறு என்ற கணக்கையும் கேட்டுவிட்டார்கள். அடுத்த நாள் கடைக்கு இரண்டுபேர்தான் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி என்னிடம், "உங்கடை அம்மா நிறுவையிலை வெட்டுறாவாம்" என்றாள். நான் அதை வீட்டில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா தராசைச் சைக்கிள் கரியரில் கட்டி, எண்ணெய் வாளியை என் கையில் தந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு தெய்வானை அக்காவின் வீட்டுக்கு நடந்தார். நேரே குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் தராசை வைத்தார்.

"தெய்வானை, உன்ரை போத்தலை எடு. உன்ரை கிணத்துத் தண்ணியை வார்."

வெறும் போத்தலின் நிறையைக் கழிக்க, தண்ணீர் எழுநூற்றைம்பது கிராம் இருந்தது. அதைக் கொட்டி, துடைத்து, அதே மட்டத்துக்கு எண்ணெய் வார்த்தார்கள். அறுநூற்றுத் தொண்ணூறு. தெய்வானை அக்கா மறுபடியும் நிறுக்கச் சொன்னார். அதே எண்தான். அவர் போத்தலைத் தூக்கி அடியிலிருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெயை விட்டுக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலைதான் நிக்குது. அப்ப, இது தண்ணியிலும் பாரம் குறைவுதான், என்ன அக்கா?"

"ஓம். போத்தலிலை எழுதியிருக்கிறது நிறையில்லை, கொள்ளளவு. மில்லிலீற்றர். தண்ணிக்குத்தான் மில்லிலீற்றரும் கிராமும் ஒரே எண்ணா வரும்."

மறுநாள் காலை, கடைக்கு ஆட்கள் வரும் நேரம் பார்த்து வந்து, தெய்வானை அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "அண்டைக்கு நான் சொன்னது பிழை. அக்காவின்ரை நிறுவை சரி." அவ்வளவுதான். தனக்கொரு போத்தல் வாங்கிக்கொண்டு பஸ்சுக்குப் போய்விட்டார். அன்று பின்னேரமே அம்மா கரித்துண்டால் சுவரில் எழுதினார்: "ஒரு போத்தல் 690 கிராம். ஒரு கிலோ, ஒன்றரைப் போத்தலுக்குக் கொஞ்சம் குறைவு."

இப்போது அந்த இடத்தில் கல்வீடு நிற்கிறது. கடையும் இல்லை, கரியெழுத்தும் இல்லை. எண்ணெய் மூடி முத்திரையிட்ட பிளாஸ்டிக் போத்தலில் வருகிறது, அதை யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. போன மாதம் அம்மாவிடம், அன்றைக்குத் தெய்வானை அக்காவில் கோபம் வரவில்லையா என்று கேட்டேன்.

"கோவமோ?" என்றார் அம்மா. "தராசு பிழையோ, என்ரை கை பிழையோ எண்டு எனக்கே தெரியாது. அவளின்ரை குசினியிலை தண்ணியை நிறுக்குமட்டும் நான் பயந்துகொண்டுதான் இருந்தனான்."