நிபுணர் குழுவில் நான் வெறும் கால்

மலாயாவில், ஆயர் ஈத்தாம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரோடு நிபுணர் குழுவில் சரிசமமாக உட்கார்ந்தவன் நான். பொய். அவர்கள் உட்கார்ந்தார்கள், நான் நடந்தேன். மூளை அவர்களுடையது, கால் என்னுடையது.

ரப்பர் விலை விழுந்து கிடந்த சமயம். விற்க வேறு சாமான் அகப்படாவிட்டால் ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கொட்டகையை மூடி, எங்களை நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றிவிடுவதாகத் தோட்டத்து மேனேஜர், எங்கள் பெரிய துரை, சொல்லிவிட்டார். ஊரில் எனக்கென்று இருந்தது மாமனார் ஒருவர்தான். அதனால் கப்பல் பேச்சு எடுத்தாலே நான் இடத்தைக் காலிசெய்வேன்.

தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் எங்கள் கந்தையா கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். ரப்பர் ஷீட்டைக் கந்தகம் போட்டு வேகவைத்து நாலு ஜோடிச் செருப்பு செய்திருந்தார். அது சந்தையில் போகுமா என்று பார்க்கத்தான் பெரிய துரை பங்களாவில் குழு கூடியது.

"எடேய், விழுந்து துலைச்சுப் போடாதை!"

"நான் விழாத நாள் எது கிராணி?"

ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். சளப், சளப். சிவப்பு மூக்குத் துரை காதைப் பொத்தினார்.

"வாத்து மாதிரி சத்தம்! கூலிக்கு வெறுங்கால். துரைக்குத் தோல் சப்பாத்து. இது யார் வாங்குவான்?"

"நாத்தம்," என்றார் ஒல்லித் துரை.

மூன்றாவது துரை அப்போதுதான் கண் விழித்து, "நானும் அதேதான்," என்றார்.

சிவப்பு மூக்கு என் பக்கம் திரும்பினார். "நீ சொல். காலுக்குச் சுகமா?"

"ரொம்பச் சொகம் துரை. ஆனா இந்தக் கால் முள்ளுக்கும் பழகினது, இது சொல்றத நம்பாதீங்க."

கிராணி பல்லைக் கடித்தார். "பார்! கால்காரனே சொல்றான்!" என்று சிவப்பு மூக்கு சிரித்தார். 'விலைபோகாது' என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் மனதுக்குள் மாமனாருக்குக் கும்பிடு போட்டேன்.

அப்போது கொட்டியது மழை. கார் மேட்டுக்குக் கீழே நின்றது, வழியெல்லாம் செம்மண் சேறு. துரைமார் தங்கள் பளபளப்புச் சப்பாத்தைப் பார்த்தார்கள். மிச்சமிருந்த மூன்று ஜோடியைப் பார்த்தார்கள். சப்பாத்து கைக்கு வந்தது, செருப்பு காலுக்குப் போனது. சளப், சளப். சிவப்பு மூக்குதான் முன்னால்.

"துரை, சாம்பிள்! தந்திட்டுப் போங்கோ!" கிராணி கத்தினார்.

"நான் நாளை தர்றான்! என் வீட்டு மேமுக்குச் சின்ன சைஸ் இருக்கா?" என்றார் சிவப்பு மூக்கு.

பெரிய துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கிராணி, கப்பல் வேணாம். இன்னும் செய்."

கையெழுத்துப் போட்ட காகிதத்தை மட்டும் கடைசிவரை யாரும் திருத்தவில்லை. கதை கேட்கும் தம்பிகளே, நிபுணர்கள் பேசும்போது ஒரு தூக்கம் போடுங்கள். கிளம்பும்போது எழுந்து அவர்கள் காலைப் பாருங்கள். அந்தச் சிவப்பு மூக்குத் துரை மறுநாள் செருப்பைக் கொண்டுவந்தாரா என்றால்...

"ஏங்க! மழை வந்துருச்சு, கொடியில துணி நனையுது லா!" வீட்டுக்குள்ளிருந்து என் மனைவியின் மலாயா இழுவை.

இதோ போகிறேன். அடேய், என் செருப்பை எவன் மாட்டிக்கிட்டுப் போனான்?