காலர்காரி

“தைச்சதை ஏன் ஒளிக்கணும்? நான் என்ன திருடியா?”

காலர்காரி இப்படிக் கத்தியதும் எங்கள் வரிசையில் பதினோரு மெஷினும் நின்றுவிட்டன. சட்டைக் கம்பெனியில் காலர் வைப்பது அவள் வேலை. பக்கத்து மெஷினில் சட்டைக்குக் கை வைப்பவள் நான். எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: சாயங்காலத்துக்குள் ஆளுக்கு எண்பது, அதற்கு மேல் கிடையாது. கை வேகம் உள்ளவள் மிச்சத்தை மெஷினுக்கு அடியில் செருகி வைத்து மறுநாள் எடுப்பாள். இவள் நூற்றுப்பத்து தைத்து, அத்தனையையும் மேஜை மேல் அடுக்கினாள்.

“ஊரே அம்மணமா திரியும்போது நீ மட்டும் எதுக்குடி கோவணம் கட்டுற? நாளைக்கு எங்க தலையிலதான் விழும்” என்றேன்.

“என் கை என் பேச்சைத்தான் கேக்கும், அக்கா.”

விழுந்தது. மறுவாரமே சூப்பர்வைசர் பலகையில் எண்பதை அழித்து நூறு என்று எழுதினான். பட்டன் வைக்கும் என் தங்கை மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். தொண்ணூறைத் தாண்ட முடியவில்லை. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து காலர்காரியோடு யாரும் பேசவில்லை. முதலில் முகத்தைத் திருப்பியது நான்தான், மறைக்க என்ன இருக்கிறது? சாப்பாட்டு பெஞ்சுக்கு அவள் வந்தால் டிபன் டப்பாவை நகர்த்தி இடத்தை அடைப்போம். மாடிப்படியில் உட்கார்ந்து, ஏறுகிறவன் இறங்குகிறவனுக்கெல்லாம் காலை ஒடுக்கி வழிவிட்டுச் சாப்பிட்டாள். என் புருஷன் செத்த வருஷத்தில்கூட நான் அப்படித் தனியாகச் சாப்பிட்டதில்லை. தங்கை மகள் வீட்டுக் கதவையும் போய்த் தட்டினாளாம். திறக்கவில்லை.

இரண்டு வருஷம் போனது. எனக்கே மனசு கேட்கவில்லை. குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

“தப்புன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லு. நாளையிலேர்ந்து மிச்சத்தை எடுத்து வை. பெஞ்சில இடத்துக்கு நானாச்சு.”

“தப்புதான், அக்கா. அந்தப் புள்ளைய நினைச்சா சோறு இறங்கல. ஆனா ஒளிச்சு வைக்க மட்டும் என்னால ஆகாது.”

“அப்ப படியிலயே கிட.”

கிடக்கவில்லை. மறுநாள் கக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தாள். ஜன்னலோரம் விரித்து, எங்களுக்கு முகமும் காட்டாமல் முதுகும் காட்டாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். தனக்கென்று ஒரு நாற்காலி, எங்களில் ஒருத்தியும் வாங்கியதில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? “என்ன விலை?” என்றேன்.

“ஆறு நாள் கூலி.”