காசிமின் பவுசர் தண்ணீரில் எழுந்த வீடு

செய்தி காசிமின் வாயால் வந்தது. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. மன்னார் மீன் சந்தையில் நண்டுக்கு விலை பேசிக்கொண்டு நின்றேன், கைப்பேசி அடித்தது. "மதினி ஆஸ்பத்திரியில மௌத்தாயிட்டா. நெஞ்சு வலியாம்," என்றான். நான் அழ வாயெடுப்பதற்குள், "வீட்டுத் திறப்பு உங்களிட்டயா இருக்கு?" என்று சாவியைக் கேட்டான். மனிசனா அவன்! "ஓம், என்னட்டத்தான் இருக்கு. முதல்ல மையத்தை அடக்கிற வேலையைப் பாருங்கோ," என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன்.

அவன் மதினி பரீதாவை நான் ராத்தா, அக்கா, என்றுதான் கூப்பிடுவேன். அவரை அறிந்த உங்களுக்கு அந்த வீட்டையும் தெரியும். சிலாவத்துறையிலிருந்து உள்ளே வந்தால், என் வேலிக்கு அடுத்த மண்வீடு. அதற்கு வந்த கண்டம் முழுவதையும் பார்த்தவள் நான்தான். ராத்தாவின் கணவர் காசிமின் அண்ணன். அவர் இறந்த பின் ராத்தாவுக்கு மிஞ்சியது வெறும் காணி. "ஆள் குடியிராத காணி எனக்குத்தான்" என்று காசிம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். ராத்தாவின் ஒரே மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் திரும்பி வந்தால் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும். ராத்தாவுக்கு வேறு கவலையே இருக்கவில்லை.

நானும் அப்போது வீடில்லாத கைம்பெண். ஒரு நாள் அவருடைய சுவர், மறுநாள் என்னுடைய சுவர் என்று பேசிக்கொண்டு தொடங்கினோம். சீமெந்துக்கு இருவருக்கும் வழியில்லை. கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்திலிருந்து களிமண் இறக்கி, வைக்கோல் போட்டுக் காலால் மிதித்து, மர அச்சில் கல் அறுத்து வெயிலில் காயவிட்டோம். நான் களைத்து நின்றால் ராத்தா கத்துவார்: "காசிம்ட மூஞ்சி எண்டு நினைச்சு மிதி புள்ள, மண் நல்லாப் பதப்படும்!" உண்மையாகவே பதப்பட்டது.

எங்களைக் கொன்றது தண்ணீர்ப் பஞ்சம்தான். வறண்ட சோளகக் காற்று நிலத்தை உறிஞ்சிப் போட்டிருந்த காலம். தொலைவிலிருந்த குழாய்க்கிணற்றிலிருந்து தலையில் குடம் குடமாகச் சுமந்தோம். கழுத்து திரும்பாது. "இன்னும் ஒரு மழை பெய்திருந்தால்" என்று புலம்பிக்கொண்டே சுமந்தோம்.

சுவர் தோளளவு எழுந்தபோது காசிம் வந்தான். கூட இரண்டு பேர், கையில் சுவர் இடிக்கிற அலவாங்கு, பின்னால் உழவு இயந்திரம் இழுத்து வந்த தண்ணீர்த் தொட்டி, பவுசர். "என்ட காக்காட காணியில ஆரைக் கேட்டுக் கட்டுற?" என்று செத்த அண்ணனைச் சொல்லிக் கத்தினான். ராத்தா சுவரோடு சாய்ந்து நின்று, "என்னையும் சேத்து உடை" என்றார். அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்து நிலத்தில் அடித்தான், மிதித்தான். மணிக்கட்டு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் பாய்ந்தேன், ஒருவன் என்னை வேலியோடு தள்ளினான், நான் அவன் கையைக் கடித்துப் பிய்த்தேன். ராத்தா எழும்பினார். இடக்கையால் அச்சைத் தூக்கி காசிமின் நெற்றியில் ஓங்கி ஒரு போடு போட்டார். இரத்தம் கண்ணை மறைக்க, அவன் வெறி பிடித்தவனாகச் சுவரை அடித்து விழுத்தினான். அதோடும் அடங்கவில்லை. "ஒரு கல்லும் மிஞ்சக்கூடாது, கரைச்சு விடுங்கடா!" என்று பவுசரைத் திறந்து, பம்பு இயந்திரத்தால் பீச்சி அடித்தான். சீமெந்து வீட்டில் வளர்ந்தவன். சுவர் கரைந்தால் கதை முடிந்தது என்று நினைத்துவிட்டான்.

அவர்கள் போன பிறகு நான் குந்தியிருந்து ஒப்பாரி வைத்தேன். ராத்தா முழங்கால் சேற்றில் நின்று, முறிந்த கையை மார்போடு அணைத்தபடி சிரிக்கத் தொடங்கினார். பயந்துபோனேன்.

"அல்லாஹ்வே! இந்த மடையன் எங்களுக்குத் தண்ணி கொண்டு வந்து தந்திட்டுப் போறான் மேரி! எழும்பு, காய முதல் மிதிப்பம்."

"கை முறிஞ்சு தொங்குது ராத்தா, ஆஸ்பத்திரிக்கு வாங்கோ!"

"கைதானே முறிஞ்சது. மிதிக்கிறது காலால."

இழுத்துக்கொண்டுதான் போனேன். கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர் நேரே சேற்றில் இறங்கினார். அவன் உடைத்த அதே மண்ணிலேயே, அவன் தண்ணீரிலேயே சுவர் மறுபடி எழுந்தது. கூரை ஏறியதும் ராத்தா குடிபுகுந்தார். வாசலில் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னார்: "காசிம் குழைச்ச மண், நல்ல பிடிப்பு!"

ராத்தாவை அடக்கிய மூன்றாம் நாள், அவருக்கான குர்ஆன் கத்தம் அந்த வீட்டிலேயே ஓதினார்கள். மகள் இன்னும் வந்து சேரவில்லை. ஓதி முடிந்து ஆட்கள் முற்றத்தில் நிற்கும்போதே காசிம் புதுப் பூட்டோடு வந்தான். நான் வாசற்படியில் இருந்தேன், மடியில் அச்சு.

"எழும்புங்கோ. இது காக்காட காணி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் வாயில் வந்தது ராத்தாவின் குரல்.

"பவுசர் எங்க தம்பி? தண்ணி கொண்டு வரேல்லையோ?"

முற்றத்தில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அழுதுகொண்டிருந்தவர்களும்தான். காசிமின் கை தானாக நெற்றித் தழும்புக்குப் போனது. பூட்டை மடியில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தான்.

மகள் வந்ததும் திறப்பைக் கொடுப்பேன். அச்சும் அவளுக்குத்தான். ராத்தாவின் கோபத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.