துடைக்கும் முன்

வளையத்தை நெம்பிக் கழற்றி, கண்ணாடியை ஓரமாக வைத்துவிட்டு, மீட்டரை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். "சுருட்டு," என்கிறார். "ஜன்னலை ஏத்திவிட்டுக் குடிச்சிருக்காங்க. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, வருஷக்கணக்கா." என் மாமனார் சுருட்டுக் குடித்த விஷயம், அவர் இறந்த பிறகு இந்த மீட்டர் இருந்த அவருடைய காரின் சீட்டுக்கடியில் ஒரு டப்பா கிடைத்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மாமியாருக்கு இன்றுவரை தெரியாது. நானும் வாயைத் திறக்கவில்லை.

மீட்டர்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். பழைய கார்களின் டேஷ்போர்டில் வேகம், பெட்ரோல், ஆயில், சூடு என்று ஆளுக்கொன்றைக் காட்டிக்கொண்டிருக்கும் மீட்டர்கள் படுத்துவிட்டால் எழுப்பி உட்காரவைப்பது அவர் தொழில். ஒர்க்‌ஷாப் ஒன்றின் மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. கீழே நாள் முழுக்கத் தகரம் தட்டுகிறார்கள். மேலே இவர் மூச்சை அடக்கிக்கொண்டு முள்ளுக்குச் சாயம் பூசுகிறார். திருகாணிகள் முட்டை அட்டையின் குழிகளில் கிடக்கின்றன, எந்தக் குழி எந்த வண்டி என்பது அவருக்கு மட்டுமே வெளிச்சம். முள்ளைப் பிடுங்க அவர் வைத்திருப்பது இரண்டு டீஸ்பூன். இருபுறமும் கொடுத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் முள் துள்ளிக்கொண்டு வந்துவிடும். வளையத்தைக் கிளப்புவதற்கென்றே இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து வைத்திருக்கிறார். சாப்பிடும்போது அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மடித்துக்கொள்வார்.

எந்த மீட்டர் வந்தாலும் எடுத்தவுடன் துடைக்கமாட்டார். முதலில் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு டயலைக் கால் மணி நேரம் பார்ப்பார். பிறகு நோட்டை விரித்து, பழைய டப்பா மூடியை வைத்து வட்டம் போட்டு, எண்களை எழுதி, எங்கே கீறல், எங்கே கறை, எங்கே சாயம் உரிந்திருக்கிறது என்று எல்லாவற்றையும் சிவப்புப் பென்சிலால் குறித்துக்கொள்வார். பக்கத்துக்கு மேலே வண்டியின் அடையாளம். கீழே 'துடைக்கும் முன்' என்று இரண்டே சொல். அதற்குப் பிறகுதான் துணி டயலைத் தொடும்.

"எதுக்குண்ணே இவ்வளவு?" என்று ஒருநாள் கேட்டுவைத்தேன்.

"துடைச்சிட்டா போச்சு சார். அப்புறம் யாரு வந்து கேட்டாலும் கிடைக்காது," என்றார். "அழுக்குன்னு நாம சொல்றதுலதான் பாதி விஷயம் இருக்கு."

பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் ஒருமுறை வாயெல்லாம் பல்லாகப் படியேறி வந்தார். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை முப்பதாயிரம் ஆக்கித்தர வேண்டும், இவ்வளவுதான். மீட்டர்காரர் தலையை நிமிர்த்தவேயில்லை. "ஓடினது ஓடினதுதாங்க. நான் எண்ணைத் திருப்பிடலாம், வண்டியோட முதுகெலும்பு என்ன பண்ணும்?" வந்தவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். இதுகூடப் பரவாயில்லை. சரிசெய்த வேக மீட்டரை இவர் டிரில்லிங் மெஷினில் மாட்டிச் சுற்றிப் பார்ப்பார் அல்லவா, அதில் ஒன்றோ இரண்டோ கிலோமீட்டர் எண்ணில் ஏறிவிடும். 'சோதனையில் கூடியது: 2' என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி மீட்டரோடு கட்டிக் கொடுத்துவிடுவார். வண்டிக்காரர்கள் வாசலிலேயே அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்னால்தான் நிற்பார். வேக முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். அநேகமாக எல்லா பஸ்ஸிலும் அது படுத்துத்தான் கிடக்கிறது. அதனால் மனிதர் நடந்தேதான் வருகிறார், போகிறார். "நடராஜா சர்வீஸ்னு என் பொண்டாட்டி கிண்டல் பண்ணுவா" என்று அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார். அது முன்பு. இப்போது அந்த அம்மாள் கிண்டல் பண்ணுவதில்லை.

இந்தத் தொழிலில் கஷ்டமான விஷயம் ஹேர்ஸ்பிரிங். தலைமுடியைவிட மெல்லிய சுருள்கம்பி. ஏறிய முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுத்து வருவது அதுதான். ஒரு மடிப்பு விழுந்தால் மீட்டர் குப்பைக்குப் போக வேண்டியதுதான். பழைய வண்டிகளுக்கு மாற்றுச் சுருள் கிடைக்காது. அதை இடுக்கியில் பிடித்துவிட்டாரானால் பக்கத்தில் இடி விழுந்தாலும் அசையமாட்டார். ஒருமுறை அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு படியில் வழுக்கி விழுந்து "ஐயோ" என்று கத்தியபோது, நான்தான் ஓடினேன். இவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "இரு, வரேன்... இரு, வரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுருளைப் பொருத்தி முடித்த பிறகுதான் எழுந்தார். அந்த அம்மாளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. எனக்கு அன்றைக்கு அவர்மேல் சுள்ளென்று கோபம் வந்தது.

இனி அவருடைய தம்பி கதை. வண்டியின் நிறத்தை மட்டும் மாற்றி எழுதுகிறேன். ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

தம்பி டிரைவர். பணக்காரர் ஒருவரின் பச்சை நிறப் பழைய காரைப் பதினொரு வருஷம் ஓட்டினான். ஒரு சாயங்காலம் கடைத்தெருத் திருப்பத்தில் தள்ளுவண்டியில் பழம் விற்றுக்கொண்டிருந்தவரை இடித்து, சுவரில் மோதி நின்றான். பழக்காரர் அந்த இடத்திலேயே உயிரை விட்டார். தலைதெறிக்க வந்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். "நாப்பதுக்கு மேல போகல, பிரேக் பிடிக்கல" என்று இவன் சொன்னான். நான்கு வருஷம் தீர்ப்பாயிற்று. ஒன்றரை வருஷம் உள்ளே கழிந்துவிட்டது.

மேல்முறையீட்டுக்கு வந்த புதிய வக்கீல்தான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். மோதுகிற நொடியில் வேக முள் அதிர்ந்து டயலில் உரசும். அந்த நேரத்து வேகத்தைக் காட்டும் எண்ணின் மேல் முள்ளின் சிவப்புச் சாயம் லேசாக ஒட்டிக்கொள்ளும். நாற்பதில் ஒட்டியிருந்தால் தம்பி வெளியே வந்துவிடலாம். வக்கீல் அடித்துப் பிடித்துக்கொண்டு காரைத் தேடிப் போனார். மீட்டர் பளபளவென்று இருந்தது. வழக்கு முடிந்து வண்டி கைக்கு வந்ததும் முதலாளி அதைப் புதிதாக்க அனுப்பியிருக்கிறார். அனுப்பியது வேறெங்கே, இந்த மாடி அறைக்குத்தான். துடைத்துச் சாயம் பூசிக் கொடுத்தது சொந்த அண்ணன்.

"கவனிக்கலைங்க. வழக்கம்போலத் துடைச்சிட்டேன்," என்றார் மீட்டர்காரர். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு போனார். வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அவர் மனைவி, "கூடப்பிறந்தவன் வண்டின்னு தெரிஞ்சும் துடைச்சிருக்கியே, உனக்குக் கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டவர், அதற்குப் பிறகு அவரிடம் அதிகம் பேசுவதில்லை. சொந்தக்காரர்கள் அவரைப் பார்க்கும்போது விடும் பெருமூச்சு ஒன்று இருக்கிறது. அதற்குத் திட்டியிருந்தாலே தேவலை.

தம்பி மனைவி பனியன் கம்பெனியில் தைக்கிறாள். விடுமுறை நாளில் தவறாமல் மாடியேறி வருவாள். வெட்டிப்போட்ட துணித்துண்டுகளை ஒரு மூட்டையாகக் கட்டி இவருக்குக் கொண்டுவந்து கொடுப்பது அவளுடைய பல வருஷத்து வழக்கம். டயல் துடைக்க அந்தத் துணிதான் வாகு. நடந்தது எல்லாம் நடந்த பிறகும் மூட்டை நிற்கவில்லை. "நான் கொண்டாந்த துணியாலயே துடைச்சீங்களே மாமா," என்று ஒருநாள் சொன்னாள். குரல்கூட உயரவில்லை. அழுதிருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

ஒவ்வொரு முறையும் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரே கேள்விதான். "ஞாபகம் வந்துச்சா மாமா? லேசா எங்கயாவது செவப்பா இருந்த மாதிரி? நாப்பதுகிட்ட?"

"வரலம்மா."

"வக்கீல் சொல்றாரு, நீங்க கோர்ட்ல வந்து நாப்பதுல பார்த்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். உங்க தொழிலை வச்சு நம்புவாங்களாம்."

"பார்க்காததை எப்படிம்மா சொல்றது?"

அவள் போன பிறகு நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். சொந்தத் தம்பிக்காக ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும், யாருக்கு என்ன நஷ்டம்?

"பழக்காரர் வீட்ல போய்க் கேளுங்க சார், யாருக்கு நஷ்டம்னு," என்றார். லென்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, "மூணு பொண்ணுங்க. பெரியவ இப்ப அதே இடத்துல வண்டி தள்ளுறா. நான் தினம் அந்த வழியாத்தான் நடந்து வர்றேன்," என்றார்.

போன வாரம் கடைசியாகப் போனேன். மாமனார் காரின் வேக மீட்டருக்கு ஹேர்ஸ்பிரிங் பொருத்திக்கொண்டிருந்தார். தம்பி மனைவி ஸ்டூலில் உட்கார்ந்து துணித்துண்டுகளை அளவு பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். முதல்நாள் சிறைக்குப் போய்ப் புருஷனைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அடுத்த மாதம் விசாரணை.

"அவரு என்ன சொல்றாரு தெரியுமா மாமா? அண்ணனை இனிமே கேக்காத, தொந்தரவு பண்ணாதன்னு சொல்றாரு. இப்படி ஆன பிறகும் உங்கமேல ஒரு கோபம் இல்ல அவருக்கு." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை. "அவரு மனசு யாருக்கும் வராது. நாப்பதுன்னு அவரு சொன்னா நாப்பதுதான். அதை வச்சுத்தான் நான் பிள்ளைங்களைத் தலை நிமிர்ந்து ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

மீட்டர்காரர் "உம்" என்றார். இடுக்கியில் சுருள் இருந்தது. இரண்டு கைக்கும் ஓய்வில்லை, கண்ணில் லென்ஸ்.

"சார், முள்ளோட பழைய மட்டம் எனக்கு வேணும். நோட்டை எடுத்து உங்க வண்டிப் பக்கத்தைப் பிரிங்க. தட்டுல நீல அட்டை," என்றார்.

தட்டில் நீல அட்டையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. மேலே இருந்ததை விட்டுவிட்டு அடியில் இருந்ததை உருவினேன். என் புத்தி அப்படி. மேஜைமேல் வைத்துப் பக்கங்களைத் தள்ளினேன். வட்ட வட்டமாக மீட்டர்கள். ஒரு பக்கத்தில் 'தம்பி வண்டி' என்று எழுதியிருந்தது. வழக்கமான வட்டம், வழக்கமான எண்கள். தொண்ணூறுக்குச் சற்று முன்னால் சிவப்புப் பென்சிலில் ஒரு சின்னக் கோடு. பக்கத்தில் 88 என்று எழுதி, அடியில் இரண்டு தடவை கோடிழுத்திருந்தது. கீழே: துடைக்கும் முன்.

பக்கத்தைத் திருப்பியிருக்கலாம், திருப்பத் தோன்றவில்லை.

"என்ன சார் அப்படிப் பார்க்கிறீங்க?" என்று தம்பி மனைவி துணியை மடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மீட்டர்காரர் லென்ஸோடு தலையைத் திருப்பினார். நோட்டைப் பார்த்தார். இடுக்கி மேஜையில் விழுந்தது. சுருள் ஒருமுறை துள்ளி, விளிம்பைத் தாண்டித் தரையில் எங்கேயோ போயிற்று. அவர் கை அந்தப் பக்கத்தின் மேல், ஐந்து விரலும் விரிய, அப்படியே அழுந்திக் கிடந்தது.

"ஐயையோ மாமா, ஏதோ விழுந்துடுச்சே," என்று அவள் குனிந்து தரையில் தேடத் தொடங்கினாள்.

"போகட்டும்மா," என்றார். கையை எடுக்கவில்லை.