ஸ்டிக்கருக்குக் கீழ இருந்த விரல் தடம்

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா எழும்பிப் போற ஆளு நான். நாவலப்பிட்டியில இருந்து தினம் ரயில்ல கண்டிக்கு வர்றப்போ கூட்டாளிங்க அந்த மாதிரிக் கதை விடுவாங்க, நான்தான் சத்தமாச் சிரிப்பேன். ஒரு சாமான் வேலை செய்யலன்னா எங்கயோ ஒரு வயர் விட்டிருக்கு, தேடுனா கிடைக்கும், எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். பத்து வருஷமா மார்க்கெட் பக்கத்துல போன் ரிப்பேர் பண்றேன். நீங்க நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரி, நடந்ததை அப்படியே சொல்றேன்.

போன வருஷம் மழைக்காலம், பகல் பன்னிரண்டு மணி இருக்கும். ஹுன்னஸ்கிரிய தோட்டத்துல இருந்து மோகன்னு ஒரு அண்ணே போனை விடப் பெருசா ஒரு டெப்பைத் துவாயில சுத்திக் கொண்டாந்தாரு. கண்ணாடி நொறுங்கி ஒண்ணுமே தெரியல. அவரு சம்சாரம் தோட்டத்து முன்பள்ளி டீச்சர், டெங்கு வந்து மூணு மாசத்துக்கு முன்னுக்குத் தவறிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போக அவங்களை வேன்ல ஏத்துறப்போ டெப் கீழ விழுந்து உடைஞ்சதாம். பிள்ளைங்களுக்காக அவங்க குரல்ல சொன்ன கதையெல்லாம் அதுலதான் இருக்கு, வேற எங்கயும் இல்ல.

"மகளுக்கு மூணு வயசுதான், தம்பி. அம்மா குரலை மறந்துக்கிட்டு வருது. எப்படியாவது எடுத்துத் தாங்க"ன்னாரு.

சார்ஜ் போட்டேன், டிங்னு சத்தம் வந்துச்சு. உள்ள உயிர் இருக்கு, ஸ்கிரீன் மட்டும்தான் போச்சுன்னு தைரியமா அவரைக் கதிரையில உட்காரச் சொல்லிட்டேன்.

புது ஸ்கிரீன் போட்டா மூடுறதுக்கு முன்னுக்கு ஒருக்கா ஆன் பண்ணிப் பார்க்கணும், எங்க தொழில்ல முதல் பாடமே அதுதான். அன்னைக்குக் கடையில கூட்டம், நான் பார்க்காமப் பசை போட்டு மூடிட்டேன். பட்டனை அமுக்குறேன், ஒண்ணுமில்ல. முப்பது செக்கன் அமுக்கிப் பிடிச்சேன், ஒண்ணுமில்ல. சார்ஜ் போட்டா அந்த டிங் சத்தமும் வரல. உயிரோட கொண்டாந்ததை நானே கொன்னுட்டேனேன்னு என் மேலயே ஆத்திரம்.

"என்ன தம்பி, ஏதும் பிழையா?"

"இருங்கண்ணே. இதை எழுப்பாம இன்னைக்குக் கடையை மூட மாட்டேன்."

சூடு காட்டித் திரும்பவும் திறந்தேன். பெட்டரியை அளந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. பழைய நொறுங்கின ஸ்கிரீனையே கொளுவிப் பார்த்தேன், டிங்! அப்போ பழுது டெப்ல இல்ல, என் வேலையில. புது ஸ்கிரீனோட பட்டை வயரு மடங்குற இடத்துல உள்ள இருக்கிற தகரத்துல முட்டிக்கிட்டு இருந்துச்சு. வயருக்கு ஒட்டுற டேப்பால அதை மறைச்சு, இந்தத் தடவை ஆன் பண்ணிப் பார்த்துட்டே மூடுனேன். அதுக்குள்ள நாலு மணி, அவரு பஸ்ஸும் போயிடுச்சு.

வெளிச்சம் வந்தா, ஒன்பது புள்ளி. கோடு போட்டுத் திறக்கணும்.

"அவதான் போடுவா. எனக்குத் தெரியாதே தம்பி"ன்னு சொன்னவரு முகத்தை என்னால பார்க்க முடியல. தெரியலன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் திறக்கலாம். நாங்க வழக்கமா கண்ணாடியை வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்ப்போம், தினம் ஒரே கோடு போடுறதால விரல் தடம் தெரியும். இங்க பழைய கண்ணாடிதான் நொறுங்கிப் போச்சே. சரி, எதுக்கும் விடக்கூடாதுன்னு என்னென்னமோ கோடு போட்டுப் பார்த்தேன், திறக்கல.

புதுக் கண்ணாடிக்கு மேல ஒரு பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டி வரும் பாருங்க, அதை நான் அதுவரைக்கும் உரிக்கல. நான் தொட்டதெல்லாம் ஸ்டிக்கர் மேலதான். அடுத்து என்ன பண்றதுன்னு தெரியாம, கை சும்மா இருக்க முடியாம, அதை உரிச்சேன்.

கீழ கண்ணாடியில விரல் தடம். மேல இருந்து மலை ரோடு மாதிரி வளைஞ்சு இறங்கி, கடைசியில சின்னதா ஒரு கொக்கி.

ஸ்கிரீன் செஞ்ச பெக்டரியில பட்ட எண்ணெய்னு சொல்லுவீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். நினைச்சுக்கிட்டே அது மேலயே விரலை வச்சு இழுத்தேன், முதல் தடவையிலயே திறந்துடுச்சு.

மோகன் அண்ணே வீட்டுக்குக் கோல் எடுத்து, போனை டெப் கிட்டப் பிடிச்சாரு. டீச்சர் ஒரு முயல் கதை சொல்ல ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரத்துல போன்ல அந்தப் பிள்ளை, "அம்மா எப்ப வந்தாங்க?"ன்னு கேட்டுச்சு. எனக்கு அழுகை வந்துடுச்சு, மறைக்கல.

அவருகிட்டக் கொடுக்கிறதுக்கு முன்னுக்கு டோர்ச் அடிச்சு அந்தத் தடத்தை இன்னொருக்காப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. தடிச்ச கோட்டுக்கு நடுவுல, ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும், மயிர் அளவுக்கு ஒரு மெல்லிய இடைவெளி.

"அண்ணே, டீச்சருக்கு விரல்ல ஏதும் காயம் இருந்துச்சா?"

"ஆமா, கொய்யா வெட்டுறப்போ கத்தி பட்டு ஆள்காட்டி விரல் நுனியில பிளந்த தழும்பு. உங்களுக்கு யாரு சொன்னா?"

பத்து விரலையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என் கையில தழும்பே இல்ல.

இன்னைக்கும் கடையில புதுக் கண்ணாடி போடுறேன். ஸ்டிக்கரை உரிச்ச உடனே, பார்க்காமலே துணியால துடைச்சிடுவேன்.