பஞ்சர் கடைக்காரரின் ஆட்சேபம்

முன்பெல்லாம் அவர் பஞ்சர் கடைக்காரர், அவள் பஞ்சர் கடைக்காரர் சம்சாரம். அவள் நகரமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்த மறுநாளே அவர் கவுன்சிலர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள்கூட, "கவுன்சிலரம்மா வந்தாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் டயரைக் காட்டினார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவரை இலவசமாக அடித்துக் கொடுத்த காற்றுக்கு மட்டும் காசு வாங்க ஆரம்பித்தார்.

அவள் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் தையல் மிஷின் போட்டிருந்தாள். கவுன்சிலர் ஆன பிறகும் மிஷினை விடவில்லை. வீடு ஊரின் மறுகோடியில் இருந்தது. காலையில் கிளம்பும்போது அவளுக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பிக் கொடுப்பது அவர் வேலை. கல்யாணமான புதிதில் பிரியத்தில் ஆரம்பித்தது, பிறகு நிறுத்தத் தோன்றவில்லை. இருட்டுகிற நேரத்தில் அவள் அவருடைய கடைக்கு வருவாள், இருவரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். பாட்டில் கொடுத்தது கொடுத்தபடி நிறைந்திருக்கும்.

"ஏம்மா, குடிக்கலையா?"

"தாகமெடுக்கலைங்க."

தண்ணீர் குடிப்பதில்கூடப் பிடிவாதம் பிடிக்கிற ஒருத்தியைக் கட்டிக்கொண்டோம் என்று அவர் முடிவு கட்டியிருந்தார். வீணாக்க மனம் வராமல், கடைக்குப் பின்னால் காலி இடத்தில் தானாக முளைத்திருந்த கொய்யாச் செடிக்கு அதை ஊற்றிவிட்டுக் கடையைச் சாத்துவார். செடி மரமானது. இடம் நகராட்சியுடையது. ஆனாலும் மரத்தைச் சுற்றிப் பழைய டயர்களைப் பாதி புதைத்து வேலி மாதிரி வைத்தார். டயர் நட்டால் இடம் சொந்தமாகிவிடும் என்று அவர் நம்பியதாகச் சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது.

கடைத்தெருவில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று அவள் முதல் கூட்டத்திலிருந்தே கேட்டு வந்தாள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் மிக மிக அவசியம் என்றார்கள். அரிசி மண்டிக்காரர் தன் மண்டிப் பக்கம் மட்டும் வேண்டாம் என்றார். மருந்துக்கடைக்காரர், கடைக்கு எதிரே வந்தால் நோயாளிகள் மனசு கஷ்டப்படும் என்றார். தன் வீட்டருகே மண் சரியில்லை என்றார் தலைவர். அந்த மண்ணில்தான் அவர் இரண்டு மாடி கட்டியிருந்தார்.

கடைசியில் அவள் எழுந்து, "அப்ப எங்க பஞ்சர் கடைக்குப் பின்னால கட்டுங்க. கடைத்தெரு சந்து அங்கதான் வந்து முடியுது" என்றாள். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அப்படியொரு ஒற்றுமை அதற்கு முன் கவுன்சிலர்களின் படித்தொகையை உயர்த்தியபோதுதான் வந்திருந்தது.

அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளர்தான் சேதி சொன்னார். அன்று வீட்டில் பேச்சு சுருக்கமாக முடிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா வேணாம்பீங்க."

"ஆமா, வேணாம்னுதான் சொல்லுவேன்."

"அதான் கேக்கலை."

அதோடு இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். பாட்டிலை மட்டும் அவர் நிரப்பிக் கொடுத்தார். அது நிறைந்தே திரும்பியது. மரத்துக்கு இன்னும் வீம்பாக ஊற்றினார்.

ஆட்சேபம் உள்ளவர்கள் மன்றத்துக்கு நேரில் வரலாம் என்று அறிவித்தார்கள். ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் ஆட்சேபம் இருந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அவள் முன்னால் நடந்தாள், அவர் பின்னால் நடந்தார்.

"சொல்லுங்க" என்றார் தலைவர்.

"அவ என்கிட்ட ஒரு வார்த்தை..."

"அவ இல்லைங்க. உறுப்பினர் அவர்கள்."

அவர் திருத்திக்கொண்டார். "உறுப்பினர் அவங்க என்னைக் கேக்காம முடிவு பண்ணிட்டாங்க. நாத்தம் வரும். எந்தப் பஞ்சர் கடைன்னு கேட்டா, கக்கூஸ் பக்கத்துல இருக்கே, அந்தக் கடைன்னு சொல்லுவாங்க. அப்புறம் அந்தக் கொய்யா மரம். புள்ளை மாதிரி தண்ணி ஊத்தி வளர்த்தேன்."

அவள் எழுந்தாள். "தலைவர் அவர்களே, எந்தத் தண்ணியை ஊத்தினார்னு கேளுங்க."

"எந்தத் தண்ணி?" என்றார் தலைவர்.

"உறுப்பினர் அவங்க குடிக்காம கொண்டு வர்ற தண்ணிங்க. தாகமெடுக்கலைன்னு சொல்லுவாங்க."

"தாகமெடுக்கும், தலைவர் அவர்களே. குடிச்சா எங்க போறது? ஆம்பளைங்களுக்குச் சுவர் இருக்கு. பகல்ல அவர் எங்க போறார்னு கேளுங்க."

தலைவர் கேட்கவில்லை. பஞ்சர் கடை தாண்டி இருக்கும் அந்தச் சுவர் மன்றத்தில் பாதிப் பேருக்குப் பழக்கம்.

"காய்கறி விக்கிறவங்க, துணிக்கடைப் பொண்ணுங்க, யாரும் பொழுதுக்கும் குடிக்கிறதில்லை. மாசத்துல ரெண்டு நாள் வயித்துவலின்னு சொல்லிட்டுப் படுத்தேனே, அது வயித்துவலி இல்லைங்க. நீர்க்கடுப்பு."

கடைசி வார்த்தைகளை அவள் தலைவரைப் பார்த்துச் சொல்லவில்லை, புருஷனைப் பார்த்துச் சொன்னாள். தலைவரும் திருத்தவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த மரம் கூரைக்கு மேலே போயிருந்தது. அத்தனை உயரத்துக்கும் அவள் தாகத்தை அடக்கியிருக்கிறாள்.

"இத்தனை வருஷமா என்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார்.

"தாகமெடுக்கலைன்னேன். நீங்க நம்பிட்டீங்க."

தலைவர் தொண்டையைக் கனைத்தார். "ஆட்சேபம் இருக்கா, இல்லையா?"

"மரம் நிக்கிற இடத்துலயே கட்டுங்க. வாசலை மட்டும் சந்துப் பக்கம் வைங்க. என் கடைக்கு வர்றவன் கண்ணுல பொம்பளைங்க போறது வர்றது படக்கூடாது" என்றார் அவர்.

ஆட்சேபம் ஆலோசனையாக ஏற்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார்கள்.

மரத்தை வெட்டினார்கள். கழிப்பறையைக் கொஞ்சம் கோணலாகக் கட்டினார்கள். திறப்புவிழாக் கல்வெட்டில் தலைவர் பெயர் பெரிதாக இருந்தது. பஞ்சர் கடைக்காரர் பயந்தபடியே ஊரார் அவர் கடையைக் கக்கூஸ் பக்கத்துப் பஞ்சர் கடை என்றுதான் சொன்னார்கள். போனில் வழி கேட்பவர்களுக்கு அவரே அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார்.

திறந்த அன்று இருட்டுகிற நேரத்தில் அவள் கடைக்கு வந்து பாட்டிலை நீட்டினாள். வாங்கிக்கொண்டு பழக்கதோஷத்தில் பின்பக்கம் போனவர், மூடியைத் திறந்த பிறகுதான் கவனித்தார். ஊற்ற மரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. காலி பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"நாளையிலேர்ந்து பெரிய பாட்டிலா குடுங்க. மத்தியானமே தீர்ந்துபோச்சு" என்றாள் அவள்.