முத்தில்லாத அம்மை

என் மனைவி சரசு செங்கம் ரோட்டு விடுதி ஒன்றில் அறை கூட்டித் துடைக்கிறவள். முப்பத்திரண்டு வயது, வாய் ஜாஸ்தி. நான் கீழ்பென்னாத்தூருக்கு வேன் ஓட்டுகிறவன். 1997 பொங்கல் கழிந்து, அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று வேலூரில் சொன்னார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயின்மேல் ஏவிவிடும் ஊசியாம், இன்டர்ஃபெரான் என்று பெயர். தினம் ஒன்று. எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் ஏது? விடுதிக்காரர் தன் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளச் சொன்னார். ஊசி போடக் கற்றுக்கொண்டது நான்தான்.

சித்திரையில் அவள் வயிற்றில், ஊசி போட்ட இடத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்தது. இரண்டே நாளில் மார்பு, முதுகு, கழுத்து எல்லாம் பரவிவிட்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. தெருவில் ஏற்கெனவே இரண்டு வீட்டில் அம்மை. என் அக்கா சந்திரம்மாள் வந்து பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"டேய் காசி, அம்மா வந்திருக்காடா. ஊசி கீசி போட்டுத் தொலைக்காத. குத்தமாயிடும்."

வாசலில் வேப்பிலை செருகினேன். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். ஊசியையும் நிறுத்தினேன். போட்டால் ஆத்தா கோபிப்பாள், போடாவிட்டால் நோய் தின்றுவிடும். ஐந்து நாள் இப்படியே போனது. படுபாவி, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? அம்மை போட்ட வீட்டைவிட்டு வெளியூர் போகக் கூடாதே!

ஆறாம் நாள் காலை சரசு பாயில் எழுந்து உட்கார்ந்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யோவ், இங்க வா. சின்ன வயசுல எனக்கு அம்மை போட்டிருக்கு. முத்து முத்தா தண்ணி கோத்துக்கும். இதுல ஒரு முத்து காட்டு பாக்கலாம்! வெறும் தடிப்பு. ஊசிய நிறுத்துன மறுநாளே காய்ச்சலும் நின்னுடுச்சு. இது அம்மா இல்லய்யா, மருந்து."

அவளே முதலில் வாசலைத் தாண்டினாள். வேலூர் டாக்டர் தோலைப் பார்த்தார். மருந்தால் வந்த தடிப்புதான் என்று களிம்பும் மாத்திரையும் எழுதினார். ஊசியை அன்றே தொடரச் சொன்னார். "கேக்காம ஏம்பா நிறுத்துன?" என்றார். ஊசி நின்ற நாட்களில் ரத்தத்தில் நோயின் வெள்ளையணுக்கள் மறுபடி ஏறியிருந்தன.

சாயங்காலம் ஊசியில் மருந்தை ஏற்றினேன். கை ஒரு நிலையில் நிற்கவில்லை.

"சரசு, நெஜமாவே அம்மாவா இருந்து, கோச்சிக்கிட்டா?"

"கோச்சிக்கிட்டா நான் பேசிக்கிறேன். அவளும் பொம்பளதானே. நீ போடுய்யா."

சொல்லிவிட்டு என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் தெரிந்தது, அவளும் நடுங்கிக்கொண்டிருந்தாள்.